சிறிய அலைக்கு எந்தப் பலகை? கிழக்குக் கடற்கரையில் சர்ஃபிங் பழகுபவர்களுக்கு

கோவளம், மாமல்லபுரம், பாண்டிச்சேரி என்று நம் கரையில் சர்ஃபிங் பழக வருகிறவர்களில் பலர் ஒரே தவறைச் செய்கிறார்கள். பயிற்சிப் பள்ளியின் பெரிய ஃபோம் போர்டில் கொஞ்ச நாள் ஓட்டியதும் அது சிறுபிள்ளைச் சாமான் என்று தோன்றிவிடுகிறது. வீடியோக்களில் பார்த்த மாதிரி கூரான மூக்கும் ஒடுங்கிய வாலும் உள்ள 6 அடிப் பலகையை வாங்கிவிடுகிறார்கள். அதோடு அலை மாட்டுவது நின்றுபோகிறது. தோள் ஓயும்வரை பேடில் பண்ணினாலும், அதாவது படுத்தபடி கைகளால் தண்ணீரைத் துழாவினாலும், அலை அடியில் நழுவிப் போய்க்கொண்டே இருக்கும். 'நமக்கு இது வராது' என்று ஆள் கரையேறுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். குறை அவரிடம் இல்லை. அந்த அலைக்கு அந்தப் பலகை பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தது. அங்கே வந்த வீரர்கள் சின்ன அலையிலும் குறும்பலகையில்தான் விளையாடினார்கள். அதைப் பார்த்துவிட்டு நாமும் அப்படியே வாங்கலாம் என்று நினைக்க வேண்டாம். அவர்களுடைய பேடில் வேகம் வேறு, எழுந்து நிற்க எடுக்கும் நேரம் வேறு, அலையின் எந்தப் புள்ளியில் உந்துதல் இருக்கிறது என்ற கண் வேறு. புதியவருக்கு இந்த மூன்றும் வரும்வரை, அலையில் குறைவதைப் பலகைதான் ஈடுகட்ட வேண்டும்.

அலையில் குறைவது என்ன

வானிலை ஆப்பில் அலையின் உயரத்துக்குப் பக்கத்தில் விநாடிக் கணக்கில் ஓர் எண் இருக்கும். ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர ஆகும் நேரம் அது. தூரத்துப் புயலில் பிறந்து பல நாள் பயணம் செய்து வரும் அலைக்கு இது 12, 14 விநாடி இருக்கும். பக்கத்துக் கடலில் காற்று கிளப்பிவிட்ட அலைக்கு 5 முதல் 8 விநாடிதான். அலை சுமந்து வரும் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும், இந்த விநாடியைப் பொறுத்தும் கூடும். அதனால் 4 அடி, 14 விநாடி அலையோடு ஒப்பிட்டால் 2 அடி, 7 விநாடி அலை கொண்டு வருவது எட்டில் ஒரு பங்கு. கரையில் நின்று பார்க்கிறவருக்குப் பாதி அலை மாதிரி தெரியும். பலகைக்கடியில் அது பாதி இல்லை.

இன்னொரு கணக்கும் தெரிந்துகொள்ளுங்கள். அலை, தன் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழமுள்ள இடத்துக்கு வந்ததும் உடைகிறது. 60 செ.மீ. அலை சுமார் 80 செ.மீ. ஆழத்தில் உடையும். அந்த ஆழத்தில் அது மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். புதியவரின் பேடில் வேகம் 4, 5 கி.மீ.யைத் தாண்டாது. மிச்சத்தை அலையின் சரிவு கொடுக்க வேண்டும். பலமான அலையில் சரிவு சட்டென்று நிமிரும், பலகை தானாக இறங்கிவிடும். பலவீனமான அலையில் சரிவு சப்பையாக இருக்கும். உடைகிற நொடியில் மட்டும் கொஞ்சம் எழும், உடனே நுரையாகச் சரிந்துவிடும். அந்தச் சப்பைச் சரிவிலேயே நகரத் தொடங்குகிற பலகைதான் உங்களுக்கு வேண்டும்.

குளத்தில் ஓட்டாஞ்சில்லு வீசியிருப்பீர்கள். தட்டையான சில்லு தண்ணீர்மேல் தத்திப் போகும், உருண்டைக் கல் உள்ளே போய்விடும். பலகையும் ஒரு கட்டத்தில் தண்ணீரைப் பிளந்து போவதை விட்டு அதன் மேலேறி வழுக்க வேண்டும். அகலமான, தட்டையான அடிப்பாகம் குறைந்த வேகத்திலேயே மேலேறிவிடும். கீழே சொல்லப்போகிற நீளம், அகலம், ராக்கர், வால் எல்லாம் இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

பலகையில் எழுதியிருப்பதைப் படிப்பது

பலகையின் அடியிலோ மேலேயோ 8'0 × 22½ × 3¼ என்பது போல எழுதியிருக்கும். முதல் எண் நீளம், அடியும் அங்குலமும். அடுத்தது அகலம், மூன்றாவது தடிமன், இரண்டும் அங்குலத்தில். கடைசியில் பெரும்பாலும் பலகையின் கனஅளவு லிட்டரில் இருக்கும். இந்த அளவுள்ள ஃபோம் போர்டு 80 முதல் 86 லிட்டர் வரும்.

எழுதியிருக்கும் அகலம், பலகையின் மிக அகலமான ஓரிடத்தில் எடுத்தது. ஒரே அகலம் எழுதிய இரண்டு பலகைகளில் ஒன்று வால்வரை அகலமாகவே போகும், இன்னொன்று நடுவில் மட்டும் புடைத்து இரு முனையிலும் ஒடுங்கிவிடும். சின்ன அலையில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. எனவே தையல்காரர் டேப் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வால் நுனியிலிருந்து 1 அடி உள்ளே வந்து அகலத்தை அளந்து பாருங்கள். பெரிய அலைக்கான குறும்பலகையில் அங்கே 14, 14½ அங்குலம் இருக்கும். சின்ன அலைப் பலகையில் 15½ அங்குலத்துக்கு மேல் எதிர்பார்க்கலாம். மூக்கிலிருந்து 1 அடியிலும் அப்படியே அளந்து பாருங்கள். லாங்போர்டில் அங்கே 17, 18 அங்குலம் வரும்.

லிட்டர் கணக்கும் அதன் ஏமாற்றும்

உங்கள் எடையைக் கிலோவில் எழுதிக்கொண்டு கீழே உள்ளபடி பெருக்குங்கள். இது சுமாரான கணக்கு, ஆனால் கடையில் கண்டதையும் தூக்கிக்கொண்டு வராமல் காப்பாற்றும்.

நுரையில் எழுந்து நிற்கப் பழகுகிறவர், உடையாத அலையை இப்போதுதான் பிடிக்க ஆரம்பித்தவர்: எடை × 1.1 முதல் 1.3 வரை. 70 கிலோ ஆளுக்கு 77 முதல் 91 லிட்டர்.

உடையாத அலையைத் தானே பிடித்து, அதன் சுவரோடு பக்கவாட்டில் ஓடத் தெரிந்தவர்: எடை × 0.7 முதல் 0.9 வரை. அதே ஆளுக்கு 49 முதல் 63 லிட்டர்.

திருப்பங்கள் கைவந்தவர்: எடை × 0.5 முதல் 0.6 வரை, அதாவது 35 முதல் 42 லிட்டர்.

சந்தேகமாக இருந்தால் மேல் எண்ணை எடுங்கள். ஆறு மாதமாகத் தண்ணீரில் இறங்காதவர், நீச்சலில் சீக்கிரம் களைக்கிறவர், 45 வயதைத் தாண்டியவர் இன்னும் 5 லிட்டர் கூட்டிக்கொள்ளலாம். லிட்டர் கூடிப்போனதால் கற்றல் கெட்டுப்போகிற நிலை புதியவருக்கு அபூர்வம். குறைந்துபோனதால் கெட்டவர்கள் ஏராளம்.

ஆனால் லிட்டரை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். ஒடுக்கமாகவும் தடிமனாகவும் செய்த பலகையும் 40 லிட்டர்தான், அகலமாகவும் மெல்லியதாகவும் செய்ததும் 40 லிட்டர்தான். முதலாவது உங்களை மிதக்க வைக்கும்; படுத்திருக்கும்போது சுகமாகத்தான் இருக்கும். அலை வந்ததும் தண்ணீர்மேல் ஏறாது, தடித்த விளிம்பு திரும்பவும் விடாது. கடைக்காரர் 'லிட்டர் சரியா இருக்கு சார்' என்று சொல்வது பாதி பதில்தான். அந்த லிட்டர் நீளத்திலும் அகலத்திலும் வந்ததா, தடிமனில் திணித்ததா என்று கேளுங்கள். சிறிய அலைக்கு நீளமும் அகலமும்தான் வேலை செய்யும்.

ராக்கர்

பலகையைப் பக்கவாட்டில் கண் மட்டத்தில் வைத்துப் பார்த்தால் மூக்கும் வாலும் மேல்நோக்கி வளைந்திருப்பது தெரியும். அந்த வளைவுதான் ராக்கர். புதியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. சிறிய அலைக்குப் பலகை பார்க்கும்போது லிட்டருக்கு அடுத்தபடி, சொல்லப்போனால் லிட்டருக்குச் சமமாக, பார்க்க வேண்டியது இதைத்தான்.

வளைவு அதிகமானால் பலகையின் மூக்கு தண்ணீரை வெட்டிப் போகாமல் முன்னால் தள்ளிக்கொண்டு போகும். ஒவ்வொரு கை வீச்சிலும் அந்தத் தண்ணீரையும் சேர்த்துத் தள்ளுகிறீர்கள். செங்குத்தான பெரிய அலையில் இந்த வளைவு தேவை: மூக்கு குத்திக்கொள்ளாமல் காக்கும், குறுகிய இடத்தில் திரும்ப விடும். சப்பையான அலையில் அது வெறும் பிரேக்.

வீட்டிலேயே அளக்கலாம். ஃபின்களை, அதாவது வால் பக்கம் அடியில் துருத்தும் துடுப்புகளை, கழற்றிவிட்டு, சமதளத் தரையில் ஒரு போர்வை விரித்து, அடிப்பாகம் கீழே இருக்கப் பலகையை வையுங்கள். நடுவில் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்து மூக்கு நுனி எவ்வளவு உயரம், வால் நுனி எவ்வளவு உயரம் என்று ஸ்கேலால் பாருங்கள். 6 அடிக் குறும்பலகையில் மூக்கு 12, 13 செ.மீ., வால் 6 செ.மீ. வாக்கில் இருக்கும். அதே நீளத்தில் சிறிய அலைக்காகச் செய்ததில் மூக்கு 10, 11 செ.மீ., வால் 5 செ.மீ. அளவுதான். ஒரு செ.மீ. என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். தண்ணீரில் அது நன்றாகவே தெரியும். நுனிகளைவிட முக்கியம், உங்கள் நெஞ்சுக்கு அடியிலிருந்து பின்காலுக்கு அடிவரை உள்ள பகுதி. அந்த நீளம் ஏறக்குறைய நேர்கோடாக இருந்தால் பலகை ஓடும்.

ஒரேயடியாகத் தட்டையாக இருந்தாலும் நம் கரையில் தொல்லை உண்டு. மணல் சரிவு செங்குத்தான கடற்கரைகளில் சின்ன அலைகூடக் கரையோரம் வந்து தொப்பென்று விழும். அங்கே தட்டை மூக்கு நேராக மணலில் குத்தும். உங்கள் கடற்கரை அப்படிப்பட்டது என்றால் மூக்கின் கடைசி ஓரடி மட்டும் கொஞ்சம் தூக்கியிருக்கிற பலகையைத் தேர்ந்தெடுங்கள். நடுப்பகுதி தட்டையாகவே இருக்கட்டும்.

வால், விளிம்பு, அடிப்பாகம்

அகலமான வால் பின்னங்காலுக்கு அடியில் மிதப்பைக் கொடுக்கும், அலை கொஞ்சமாகத் தள்ளினாலும் வாங்கிக்கொள்ளும். மூலை மழுங்கிய சதுர வாலும், மீன் வால் போல இரண்டாகப் பிளந்த வாலும் சின்ன அலைக்கு ஏற்றவை. ஊசி மாதிரி முடிகிற வால் பெரிய, வேகமான அலையைப் பற்றிக்கொள்வதற்கானது, இங்கே வேண்டாம்.

விளிம்பைக் கையால் பிடித்துப் பாருங்கள். உள்ளங்கை நிறையும்படி உருண்டிருந்தால் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். வால் பக்கம் கடைசி ஒன்று, ஒன்றரை அடியில் மட்டும் கீழ் ஓரம் கூராக இருப்பது நல்லது, தண்ணீர் அங்கே சுத்தமாக விட்டுப் பிரியும். அடிப்பாகம் தட்டையாகவோ மிக லேசான ஒற்றைக் குழிவோடோ இருந்தால் போதும். இரட்டைக் குழிவு, பல கால்வாய்கள் என்று விலையை ஏற்றும் சமாசாரங்கள் புதியவருக்குத் தெரியக்கூட மாட்டா.

முதல் பலகை: படிப்படியாக

முதலில் எடை பாருங்கள். ஞாபகத்தில் உள்ள எடையை நம்ப வேண்டாம்.

இரண்டாவதாக, நீங்கள் வழக்கமாகப் போகப்போகிற கடற்கரையில் காலை 6 மணிக்கும் 11 மணிக்கும் நின்று பாருங்கள். காலையில் தரையிலிருந்து கடல் நோக்கி வீசும் காற்று, மீனவர்கள் கச்சான் என்கிற மேல்காற்று, அலைச் சுவரை வழவழப்பாக வைத்திருக்கும். மதியத்தை நெருங்கும்போது கடற்காற்று திரும்பிவிடும். அலை கொந்தளித்து எங்கே பார்த்தாலும் நுரையாக இருக்கும். விடுமுறை நாளில் மதியம்தான் உங்களுக்கு நேரம் கிடைக்கும் என்றால், அந்தக் கொந்தளிப்பில் ஓட்டக் கனமான, நீளமான பலகையே கைகொடுக்கும். எடை குறைந்த பலகை தடதடவென்று ஆடும்.

மூன்றாவது, அளவு. 55 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு 7 அடி முதல் 7½ அடி, 55 முதல் 75 கிலோ வரை 8 அடி, 75 முதல் 90 வரை 8½ அடி, அதற்கு மேல் 9 அடி. அகலம் எல்லோருக்கும் 22 அங்குலத்துக்குக் குறையாமல். மேலே மெத்தென்ற ஃபோம், அடியில் வழுக்கும் பிளாஸ்டிக் தகடு, உள்ளே ஒன்று அல்லது இரண்டு மரச் சட்டம் ஓடுகிற பலகையாகப் பாருங்கள். சட்டம் இல்லாத மலிவு ஃபோம் போர்டு சில மாதத்தில் நடுவில் மடங்கி, நிரந்தரமாக வளைந்துவிடும்.

முதல் பலகை ஏன் ஃபோமாகவே இருக்க வேண்டும் என்பதற்குப் பாதுகாப்பும் ஒரு காரணம். விழும்போது பலகை உங்கள் தலையிலோ பக்கத்தில் நிற்கும் குழந்தையின்மீதோ வந்து மோதும், இது நடந்தே தீரும். நம் கடற்கரைகளில் குளிக்க வந்த கூட்டம் அலைக்கு நடுவில்தான் நிற்கிறது. ஃபைபர் பலகையின் விளிம்பும் ஃபின்னும் தோலைக் கிழித்துவிடும்.

நான்காவது, வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுங்கள். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பாண்டிச்சேரியிலும் சர்ஃப் பள்ளிகள் பலகைகளை மணிக்கணக்கில் தருகின்றன. ஒரே காலையில், ஒரே இடத்தில், இரண்டு அளவுகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் 10 அலைக்கு முயன்று எத்தனை மாட்டியது என்று எண்ணுங்கள். எது அழகாக இருந்தது, எதில் ஒரு தடவை பிரமாதமாகப் போனது என்பதெல்லாம் கணக்கில் வராது. அதிகம் மாட்டியது எதுவோ அதுதான் உங்கள் பலகை.

பலகை உங்களுக்குச் சரிதானா என்பதை அலை இல்லாத தண்ணீரிலும் சோதிக்கலாம். படுத்துக்கொண்டு, நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்தி, பேடில் பண்ணுங்கள். மூக்கு தண்ணீருக்கு மேல் 3 முதல் 5 செ.மீ. உயரத்தில் நிற்கும்படி உடலை முன்னும் பின்னும் நகர்த்தி இடம் பிடியுங்கள். அந்த நிலையில் பலகையின் மேல்தளம் முழுக்கத் தண்ணீருக்கு வெளியே இருக்க வேண்டும், பக்கவாட்டில் தள்ளாடவும் கூடாது. நெஞ்சுப் பக்கம் தண்ணீர் மேலே ஏறி வழிந்தால் பலகை போதாது. இடம் கிடைத்ததும், உங்கள் தாடை எங்கே வருகிறதோ அங்கே பலகையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். தினமும் அதே இடத்தில் படுக்கலாம், அரைமணி நேரத் தடுமாற்றம் மிச்சம்.

ஃபோம் போர்டுக்கு அடுத்து

எப்போது மாறலாம்? மற்றவர் தள்ளிவிடாமல் நீங்களே உடையாத அலையைப் பிடித்து, எழுந்து, இடமும் வலமும் சுவரோடு ஓட முடிய வேண்டும். முயன்ற 10 அலையில் 6, 7 மாட்ட வேண்டும். அதற்கு முன் மாறாதீர்கள். மாறும்போது மூன்று வழி இருக்கிறது.

லாங்போர்டு, 9 அடிக்கு மேல், 22½ முதல் 23 அங்குல அகலம், 3 அங்குலத் தடிமன், 65 முதல் 75 லிட்டர். முழங்கால் உயர அலையை இதைவிட நன்றாக ஓட்டும் பலகை கிடையாது. ஹவாயின் வைக்கிக்கியிலும் கலிபோர்னியாவின் மலிபுவிலும் மெதுவான அலையில் வளர்ந்த வகை இது. சின்ன அலையே உங்கள் கடற்கரையின் இயல்பு என்றால் தயங்காமல் இதையே வாங்குங்கள் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. தொல்லை என்னவென்றால் தூக்கிக்கொண்டு போவது. மின்தூக்கியில் நுழையாது, காரின் கூரை வேண்டும்.

மிட்லெங்த், 7 முதல் 7½ அடி, 21 முதல் 22 அங்குல அகலம், 45 முதல் 55 லிட்டர். இடுப்பு உயர அலையில் நன்றாக ஓடும், முழங்கால் அலையில் கொஞ்சம் உழைக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து நல்ல அலை வரும்போதும் இதையே ஓட்டலாம், இலங்கையின் அறுகம்குடாவுக்கோ வெலிகமவுக்கோ போகும்போதும் கொண்டு போகலாம். ஒரே பலகைதான் வாங்க முடியும் என்கிறவருக்கு இது பொருந்தும்.

ஃபிஷ், 5½ முதல் 6¼ அடி, 20½ முதல் 22 அங்குல அகலம், பிளந்த வால், இரண்டு ஃபின். 1967இல் சான் டியேகோவில் ஸ்டீவ் லிஸ் முழங்காலிட்டு ஓட்டுவதற்காகச் செய்த குட்டைப் பலகையிலிருந்து வந்தது. அலையில் ஏறிவிட்டால் குறும்பலகைகளில் சின்ன அலைக்கு இதைப்போல வேகமானது இல்லை. ஆனால் நீளம் குறைவு என்பதால் அலையைப் பிடிக்கும் இடம் துல்லியமாக அமைய வேண்டும். மூன்றாவது பலகையாக வாங்க வேண்டியதை இரண்டாவதாக வாங்குவதுதான் பலர் செய்வது. வாங்கியே தீருவேன் என்றால் லிட்டரை 0.6 கணக்கில் எடுங்கள்.

ஃபின்

ஃபின் பெரிதாக, எண்ணிக்கை அதிகமாக இருந்தால் பிடிப்பு கூடும், இழுவையும் கூடும். பலவீனமான அலையில் இழுவைதான் எதிரி. லாங்போர்டுக்கு ஒற்றை ஃபின், அடிக்கு ஓர் அங்குலம் என்பது பழைய கணக்கு: 9 அடிப் பலகைக்கு 9 அங்குலம். நடுவில் பெரியதும் பக்கத்தில் இரண்டு சிறியதும் உள்ள பலகையில், முழங்கால் அலை நாளில் பக்கத்து இரண்டையும் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், பலகை விடுபட்ட மாதிரி ஓடும். மூன்று ஃபின் அமைப்பு 1980இல் ஆஸ்திரேலிய சர்ஃபர் சைமன் ஆண்டர்சன் கொண்டுவந்தது. திருப்பங்களுக்கு நம்பகமானது, சப்பை அலையில் கொஞ்சம் ஒட்டும். பயன்படுத்திய பலகை வாங்கும்போது ஃபின் பெட்டி (ஃபினைச் செருகும் பள்ளம்) எந்தக் கம்பெனி வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். எஃப்சிஎஸ் ஃபின் ஃபியூச்சர்ஸ் பெட்டியில் பொருந்தாது.

உள்ளே இருக்கும் பொருள்

ஃபைபர் பலகைகளில் இரண்டு வகை. பாலியூரித்தேன் ஃபோம்மேல் பாலியெஸ்டர் ரெசின் பூசியது ஒன்று. இபிஎஸ் என்கிற தெர்மாகோல் வகை ஃபோம்மேல் எபாக்சி பூசியது இன்னொன்று. இரண்டாவது எடை குறைவு, மிதப்பு அதிகம், அடி பட்டாலும் சட்டென்று உடையாது. வழவழப்பான காலை அலைக்கு அது பிரமாதம். மதியக் கொந்தளிப்பில் முதலாவது அமைதியாக ஓடும்.

எபாக்சிப் பலகைக்கு இரண்டு எச்சரிக்கை. ஓட்டை விழுந்தால் உடனே தண்ணீரிலிருந்து எடுத்துவிட வேண்டும், உள்ளே நீர் ஊறினால் வெளியேற நாள்கணக்காகும். சரிசெய்யும்போது எபாக்சி ரெசின் மட்டுமே பூச வேண்டும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பாலியெஸ்டர் ரெசினைப் பூசினால் உள்ளே இருக்கும் ஃபோம் கரைந்து குழியாகிவிடும். எந்தப் பலகையானாலும் சென்னை வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உள்ளே காற்று விரிந்து மேல்தோல் ஃபோமை விட்டு உப்பிவிடும். ஃபோம் போர்டிலும் இதே கதைதான், மேல் மெத்தை குமிழ் குமிழாகப் பிரியும்.

பழைய பலகை வாங்கினால்

கட்டைவிரலால் மேல்தளம் முழுக்க, முக்கியமாகக் கால் வைக்கும் இடத்தில், அழுத்திக்கொண்டே போங்கள். உள்ளே போய்த் திரும்பி வந்தாலோ, பொருபொருவென்று சத்தம் கேட்டாலோ தோல் பிரிந்திருக்கிறது, வேண்டாம். குதிகால் பட்டு விழுந்த ஆழமில்லாத குழிகள் சாதாரணம், அதற்காக விலையைக் குறைக்கச் சொல்லலாம். பலகையை வெளிச்சத்தில் சாய்த்துக் குறுக்காக ஒரு முடிபோன்ற கோடு ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஓடுகிறதா பாருங்கள். அப்படி ஓடினால் ஒருமுறை மடங்கிய பலகை, அடுத்த தடவை இரண்டாகும். ஃபின் பெட்டியைச் சுற்றிச் சிறு விரிசல் இருக்கிறதா, லீஷ் (பலகையைக் காலோடு இணைக்கும் கயிறு) கட்டும் குழியில் குறுக்குக் கம்பி அசைகிறதா என்று தொட்டுப் பாருங்கள். மூக்குக் கீழாக நிமிர்த்திப் பத்து நிமிடம் சாய்த்து வையுங்கள். எங்கிருந்தாவது நீர் சொட்டினால் உள்ளே ஊறியிருக்கிறது. கால் வழுக்காமல் இருக்க வாக்ஸ் (மெழுகு) பூசிய பலகையை அந்த வாக்ஸை வழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்; விற்பவர் மறுத்தால் வாங்காமல் வந்துவிடுவது நல்லது.

தண்ணீரில் வரும் கோளாறு, பலகையின் பங்கு எவ்வளவு

அலை அடியில் நழுவிப் போகிறது, நீங்கள் பின்னாலேயே நின்றுவிடுகிறீர்கள். முதலில் ஒரு கையளவு முன்னே நகர்ந்து படுங்கள். மூக்கு வானத்தைப் பார்த்தால் வால் பிரேக் போடுகிறது. நகர்ந்தும் மாட்டவில்லை என்றால் பலகை சிறியது, அல்லது ராக்கர் அதிகம்.

மூக்கு குத்துகிறது. பெரும்பாலும் அலை உடைந்து விழும் நேரத்தில் தாமதமாக எழுகிறீர்கள். ஓர் எட்டு உள்ளே போய் முன்கூட்டியே பேடிலைத் தொடங்குங்கள், மூக்கை நேராகக் கரைக்கு வைக்காமல் போகப்போகிற பக்கமாகக் கொஞ்சம் திருப்பிவையுங்கள். இதைச் செய்த பிறகும் குத்தினால்தான் பலகையின் தட்டை மூக்கைக் குறை சொல்லலாம்.

எழுந்தீர்கள், இரண்டு விநாடியில் பலகை நின்றுபோகிறது. எடை பின்னங்காலில் இருக்கிறது. சின்ன அலையில் முன்கால் பலகையின் நடுவைத் தாண்டி இருக்க வேண்டும், முழங்கால் மடங்கி மார்பு முன்னே இருக்க வேண்டும். லாங்போர்டு என்றால் எழுந்ததும் ஓரடி முன்னே நடந்துவிடுங்கள். அப்படியும் நின்றால் வால் ஒடுக்கம்.

எழும்போதே பக்கவாட்டில் கவிழ்கிறது. 21 அங்குலத்துக்குக் குறைந்த அகலத்தில் புதியவருக்கு இது சகஜம். பயிற்சியால் தீரும் என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதைவிட அகலமான பலகைக்கு மாறிவிடுவது மேல்.

வாக்ஸும் லீஷும்

நம் கடல் நீருக்கு ட்ராப்பிக்கல் என்று எழுதியிருக்கும் வாக்ஸ்தான். குளிர் நாட்டுக்கானதை வாங்கினால் குழம்பாக உருகி வழியும். புதுப் பலகையில் முதலில் கெட்டியான அடிப்பூச்சு வாக்ஸைத் தேய்த்து, கையில் சின்னச் சின்ன மொட்டுகள் தட்டுப்பட்ட பிறகு மேல் வாக்ஸ் போடுங்கள். ஃபோம் போர்டுக்கு அவ்வளவு தேவையில்லை, கால் வைக்கும் இடத்தில் லேசாகத் தேய்த்தால் போதும்.

லீஷ் பலகையின் நீளத்துக்குச் சமமாக இருக்கட்டும்: 8 அடிக்கு 8 அடி. தடிமன் 7 மி.மீ. வாங்குங்கள், மெல்லியதில் இழுவை குறைவு என்றாலும் பெரிய பலகையை அலை இழுக்கும்போது தாங்காது. பின்னங்கால் கணுக்காலில் கட்டி, சுழலும் மூட்டு வெளிப்பக்கம் பார்த்திருக்கும்படி வையுங்கள். பலகையோடு லீஷைச் சேர்க்கும் சின்னக் கயிறு நீளமாகத் தொங்கக் கூடாது: லீஷின் அகலமான நாடாப் பகுதிதான் வால் விளிம்பின்மேல் படிய வேண்டும், கயிறு படிந்தால் முதல் பலமான இழுப்பிலேயே விளிம்பை அறுத்துவிடும். மாதம் ஒருமுறை லீஷை விரலால் நீவிப் பாருங்கள். வெட்டோ வெளுப்போ தட்டுப்பட்டால் அன்றே மாற்றிவிடுங்கள்.